இரண்டு தொழில் கற்றவர்: இங்கிலாந்து கவுன்ட்டி ஆல்ரவுண்டர் என்பவர் யார்?

2019 செப்டம்பர். லீட்ஸ் நகரத்து ஹெடிங்லி மைதானத்தில் யார்க்ஷயர் அணிக்கு எதிராகக் கென்ட் அணி மட்டை வீசிக்கொண்டிருந்தது. ஸ்கோர் 39 ரன், 5 விக்கெட். ஆட்டம் நான்கு நாள் நடக்க வேண்டியது. முதல் நாள் மதிய உணவுக்கு முன்பே கதை முடிந்துவிடும் போலிருந்தது. அப்போது உள்ளே வந்தவருக்கு வயது 43. அந்தப் பருவத்தோடு அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று கென்ட் ஏற்கெனவே அறிவித்திருந்தது. அவர் 225 பந்துகளில் 237 ரன் எடுத்தார். 28 பவுண்டரி, 9 சிக்ஸர். கேப்டன் சாம் பில்லிங்ஸுடன் சேர்ந்து ஆறாவது விக்கெட்டுக்கு 346 ரன் சேர்த்தார். ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் பந்தை எடுத்து, 20 ரன் கொடுத்து 5 விக்கெட் வீழ்த்தினார். கென்ட் 433 ரன் வித்தியாசத்தில் வென்றது.

அவர் பெயர் டேரன் ஸ்டீவன்ஸ். இங்கிலாந்து நாட்டு அணிக்காக ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. அதனால்தான் நம்மில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் 'கவுன்ட்டி ஆல்ரவுண்டர்' என்றால் என்ன என்று புதிதாகக் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கிய ஒருவர் என்னைக் கேட்டால், கபில் தேவையோ இயன் போத்தமையோ சொல்லமாட்டேன். ஸ்டீவன்ஸைத்தான் சொல்வேன். ஏன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கவுன்ட்டி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள பழைய மாவட்டப் பிரிவுகளின் பெயரில் 18 முதல்தர, அதாவது பல நாள் நடக்கும் உயர்மட்ட ஆட்டங்களில் ஆடும், கிரிக்கெட் கழகங்கள் இருக்கின்றன. யார்க்ஷயர், கென்ட், சர்ரே, லங்காஷயர் என்று பெயர்கள் நமக்கும் பழக்கமானவைதாம். வேல்ஸைச் சேர்ந்தது கிளாமர்கன் ஒன்றுதான். கடைசியாக 1992-ல் சேர்ந்தது டர்ஹம். இவை தங்களுக்குள் ஆடும் தொடர்தான் கவுன்ட்டி சாம்பியன்ஷிப். 1890 முதல் முறைப்படி நடந்துவருகிறது. ஏப்ரலில் குளிரோடு தொடங்கி செப்டம்பர் இறுதியில் மீண்டும் குளிரோடு முடியும். ஓர் ஆட்டத்துக்கு நான்கு நாள், ஒரு பருவத்தில் ஓர் அணிக்குப் பதினான்கு ஆட்டம் என்பது அண்மைக்கால வழக்கம். அதற்கு நடுவே டி20 தொடரும் ஒருநாள் தொடரும் தனியாக ஓடும்.

நம் ரஞ்சிக் கோப்பையோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். அந்தக் கோப்பைக்குப் பெயர் தந்த ரஞ்சித்சிங்ஜியே ஒரு கவுன்ட்டி ஆட்டக்காரர்தான். சசெக்ஸ் அணிக்கு ஆடியவர், அதன் தலைவராகவும் இருந்தவர். பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ரஞ்சிப் பருவம் சில மாதங்களில் முடிந்துவிடும். கவுன்ட்டி ஆட்டக்காரருக்கு அது முழுநேரப் பிழைப்பு. ஆறு மாதம், பஸ்ஸிலும் காரிலும் ஊர் ஊராகப் போய், பெரும்பாலும் சில நூறு பேர் மட்டும் அமர்ந்திருக்கும் மைதானங்களில், நாள் முழுக்க ஆடுவது. மாதச் சம்பளம், ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தம். வேலை நன்றாக இருந்தால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் செப்டம்பரில் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள்.

இனி ஆல்ரவுண்டர். மட்டையும் வீசுவார், பந்தும் வீசுவார் என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் விஷயத்தின் பாதிதான் புரியும். பதினொரு பேர் கொண்ட ஓர் அணியைத் தேர்ந்தெடுக்க உட்காருங்கள். எதிரணியின் இருபது விக்கெட்டையும் எடுக்க ஐந்து பந்துவீச்சாளர் வேண்டும். நான்கு நாள் ஆட்டத்தில் நாலு பேர் மட்டும் வீசினால் இரண்டாம் நாள் மாலைக்குள் தோள் கழன்றுவிடும். விக்கெட் கீப்பர் ஒருவர் வேண்டும். மிச்சம் ஐந்து இடம். வெறும் ஐந்து மட்டையாளரோடு ஏப்ரல் மாத இங்கிலாந்து ஆடுகளத்தில் இறங்கினால் 39-க்கு 5 என்ற நிலை வந்ததும் அணி முடிந்தது. ஆறு மட்டையாளர் வைத்தால் பந்துவீச்சில் ஒரு கை குறைகிறது.

இந்தக் கணக்கு எப்போதும் ஓர் ஆளால் இடிக்கும். அந்த ஓர் ஆள்தான் ஆல்ரவுண்டர். ஆறாவது அல்லது ஏழாவது இடத்தில் மட்டை வீசிவிட்டு, பந்துவீச்சிலும் முழுப் பங்கு சுமக்கிற ஒருவர் கிடைத்தால் தேர்வாளருக்குப் பன்னிரண்டு பேரோடு ஆடுவது போல. பதினொன்றில் பன்னிரண்டை அடக்குவதுதான் அவருடைய வேலை. இரண்டையும் ஓரளவுக்குச் செய்கிறவர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை 'துண்டு துணுக்கு' ஆட்டக்காரர் என்று கொஞ்சம் இளப்பமாகவே சொல்வது வழக்கம். உண்மையான ஆல்ரவுண்டருக்குப் பழைய சோதனை ஒன்று உண்டு: மட்டைக்காக மட்டுமே இவரை அணியில் எடுப்போமா? பந்துக்காக மட்டுமே எடுப்போமா? இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் அவர் ஆல்ரவுண்டர்.

எண்ணில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மட்டையாளரின் சராசரி என்பது ஒருமுறை ஆட்டமிழப்பதற்குள் அவர் எத்தனை ரன் எடுக்கிறார் என்பது. அதிகமாக இருந்தால் நல்லது. பந்துவீச்சாளரின் சராசரி என்பது ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் கொடுக்கிறார் என்பது. குறைவாக இருந்தால் நல்லது. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பாருங்கள். விடை பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் தேறினார். ஸ்டீவன்ஸ் முதல்தர ஆட்டங்களில் 16,000 ரன்களுக்கு மேல் எடுத்தார், சராசரி ஏறத்தாழ 35. அறுநூறுக்குச் சற்றே குறைவான விக்கெட்டுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 ரன் விலையில். கழித்தால் பத்து. இருபத்தைந்து ஆண்டு காலம் ஆடிய ஒருவருக்கு இது மிகப் பெரிய எண்.

கவுன்ட்டி ஆட்டத்தில் ஆல்ரவுண்டரின் பெருமையைச் சொல்ல ஒரு பழைய அளவுகோல் இருந்தது. அதை 'டபுள்' என்பார்கள்: ஒரே பருவத்தில் ஆயிரம் ரன், நூறு விக்கெட். முதலில் செய்தவர் டபிள்யூ.ஜி. கிரேஸ், 1873-ல். பிறகு அது நல்ல ஆல்ரவுண்டரின் ஆண்டு வருமானம் போலவே ஆகிவிட்டது. யார்க்ஷயரின் ஜார்ஜ் ஹர்ஸ்ட் 14 முறை செய்தார். அவருடைய ஊரான கிர்க்ஹீட்டனிலேயே பிறந்த வில்பிரட் ரோட்ஸ் 16 முறை செய்தார். ஒரே கிராமத்திலிருந்து இப்படி இரண்டு பேர்! 1906-ல் ஹர்ஸ்ட் செய்ததை இன்று படித்தாலும் நம்பச் சிரமமாக இருக்கிறது: 2,385 ரன், 208 விக்கெட். டபுளின் டபுள். அதை வேறு யாரும் செய்ததில்லை. இனிச் செய்யவும் முடியாது. இந்தச் சாதனையை யாராவது முறியடிப்பார்களா என்று கேட்டபோது, யார் முறியடித்தாலும் அவர் மிகவும் களைத்துப்போயிருப்பார் என்று ஹர்ஸ்ட் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். அதில் பீற்றலே இல்லை. நாள் முழுக்கப் பந்து வீசிவிட்டு மறுநாள் காலை மட்டையோடு போனவனுக்குத்தான் அந்தக் களைப்பு தெரியும்.

இனிச் செய்ய முடியாது என்று ஏன் சொல்கிறேன்? ஆட்டங்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. 1969-ல் சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் 28-லிருந்து 24 ஆகின. பிறகு மேலும் குறைந்தன. அந்தக் குறைப்புக்குப் பின் டபுள் செய்தவர்கள் இரண்டே பேர், இருவருமே நாட்டிங்ஹாம்ஷயர் அணிக்கு ஆடிய வெளிநாட்டவர்கள். 1984-ல் நியூஸிலாந்தின் ரிச்சர்ட் ஹாட்லி 1,179 ரன், 117 விக்கெட். பருவம் தொடங்கும் முன்பே இத்தனை ஆட்டம், ஆட்டத்துக்கு இத்தனை ரன், இத்தனை விக்கெட் என்று தாளில் கணக்குப் போட்டு வைத்து ஆடியவர் அவர். அடுத்தது 1988-ல் பார்படோஸின் ஃபிராங்க்ளின் ஸ்டீபன்சன்.

ஸ்டீபன்சன் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பருவத்தின் கடைசி ஆட்டம் யார்க்ஷயருக்கு எதிராக. விக்கெட் நூறைத் தாண்டிவிட்டார், ஆனால் ஆயிரம் ரன்னுக்கு இன்னும் 210 வேண்டும். மட்டையாளர்களே கேட்டால் சிரிக்கக்கூடிய தேவை. முதல் இன்னிங்ஸில் 111. இரண்டாவதில் 117. கூடவே பதினொரு விக்கெட். 1,018 ரன், 125 விக்கெட் என்று பருவத்தை முடித்தார். ஆட்டத்தில் அவர் அணி தோற்றது. இதில் எனக்கு மெய்சிலிர்க்கிற விஷயம் வேறு: 1906-ல் பாத் நகரில் சாமர்செட் அணிக்கு எதிராக ஹர்ஸ்ட் எடுத்த இரண்டு சதங்களும் இதே 111, 117 தான். அவரும் அந்த ஆட்டத்தில் பதினொரு விக்கெட் எடுத்தார். 82 ஆண்டு இடைவெளியில் ஒரே எண்கள்.

டபுள் போய்விட்டதால் ஆல்ரவுண்டரின் பெருமை குறைந்ததா? இல்லை, அளக்கும் கோல்தான் மாறியது. பதினான்கு ஆட்டத்தில் அறுநூறு ரன்னும் ஐம்பது விக்கெட்டும் எடுப்பவரை இன்று எந்தக் கவுன்ட்டியும் கொண்டாடும். 2019-ல் ஸ்டீவன்ஸ் கொடுத்தது ஏறக்குறைய அதைத்தான்.

அவர் வாழ்க்கைக்கு வருவோம். 1976 ஏப்ரல் 30-ல் லெஸ்டர் நகரத்தில் பிறந்தவர். சொந்த ஊர்க் கவுன்ட்டியான லெஸ்டர்ஷயருக்கு 1997-ல் முதல்முறை ஆடினார். அங்கே அவர் ஆல்ரவுண்டரே கிடையாது. அடித்து ஆடும் மட்டையாளர். எப்போதாவது பந்தைக் கொடுத்தால் வீசுவார். எட்டு ஆண்டுகளில் அவர் எடுத்த முதல்தர விக்கெட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2004-ன் முடிவில் லெஸ்டர்ஷயரை விட்டு விலகியபோது வயது 28. திறமை உண்டு, நிலைத்தன்மை இல்லை என்று பெயர் வாங்கிய மட்டையாளர்களைக் கவுன்ட்டி கிரிக்கெட் வரிசையாகப் பார்த்திருக்கிறது. அவர்களில் ஒருவராக அவர் மறைந்துபோயிருக்கலாம்.

2005-ல் கென்ட் அவரை எடுத்துக்கொண்டது. கேன்டர்பரி நகரத்து செயின்ட் லாரன்ஸ் மைதானத்தில் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே 'லைம்' என்னும் ஒரு பெரிய நிழல் மரம் இருந்தது. எலுமிச்சையைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரே தவிர, நம் எலுமிச்சைக்கும் அதற்கும் உறவில்லை. பந்து அதில் பட்டால் நான்கு ரன். அந்த மரம் 2005 ஜனவரிப் புயல்காற்றில் விழுந்தது. அதே ஆண்டு புதுக் கன்று நட்டார்கள். அந்தக் கன்று வளர்ந்த காலமும் கென்ட் அணியில் ஸ்டீவன்ஸ் வளர்ந்த காலமும் ஒன்று. பதினெட்டுப் பருவம் அவர் அங்கே ஆடினார்.

மாற்றம் மெதுவாகத்தான் நடந்தது. கென்ட் அணியில் பந்துவீச்சாளர் பற்றாக்குறை வரும்போதெல்லாம் அவர் கைக்குப் பந்து போனது. வீசுவது மிதவேகம். மணிக்கு நூற்றுப்பத்துக் கிலோமீட்டர் பக்கம். டெஸ்ட் ஆட்டத்தில் 140 கிலோமீட்டர் வேகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உபசாரம் செய்வது போலத் தெரியும். பந்து மட்டையாளரை நோக்கி வருகிறது, அவர் அடிக்கத்தானே போகிறார் என்று தோன்றும். ஆனால் விக்கெட் விழும். முப்பதைத் தாண்டிய பிறகு முறையான பந்துவீச்சாளர் ஆனார். நாற்பதைத் தாண்டிய பிறகு அணியின் முதன்மைப் பந்துவீச்சாளர்களில் ஒருவர் ஆனார். 2017-ல், 41 வயதில், சாம்பியன்ஷிப்பில் அறுபதுக்கும் மேல் விக்கெட் எடுத்தார்.

அந்தப் பந்துவீச்சு எப்படி வேலை செய்தது என்பதைப் புரிந்துகொண்டால் கவுன்ட்டி கிரிக்கெட்டின் பாதி புரிந்துவிடும். இங்கிலாந்தில் பயன்படுத்துவது டியூக்ஸ் பந்து. கையால் தைத்தது, தையல் எடுப்பாகவும் நெடுநேரம் கெட்டியாகவும் இருக்கும். ஏப்ரல், மே, செப்டம்பர் மாதங்களில் ஆடுகளத்தில் ஈரமும் புல்லும் இருக்கும். தையல் தரையில் படுகிறபடி பந்தை நிறுத்தி வீசினால், அது உள்ளே வருமா வெளியே போகுமா என்பது வீசியவருக்கே முழுவதும் தெரியாது. மட்டையாளருக்கு எப்படித் தெரியும்? ஸ்டீவன்ஸ் செய்ததெல்லாம் ஒரே இடத்தில், நேராக, ஸ்டம்பை நோக்கி, மணிக்கணக்கில் பந்தைப் போட்டதுதான். மட்டையாளர் விட்டுவிட முடியாது. ஒவ்வொன்றையும் ஆடியே ஆக வேண்டும். ஆறு பந்து நேராகப் போகும். ஏழாவது அரை அங்குலம் திரும்பி, ஸ்டம்பை மறைக்கும் காலில் படும். எல்பிடபிள்யூ.

இன்னொரு நுட்பம் உண்டு. வேகப்பந்துக்கு விக்கெட் கீப்பர் ஸ்டம்பிலிருந்து நன்றாகப் பின்னால் தள்ளி நிற்பார். மட்டையாளர் கிரீஸை விட்டு ஓரடி வெளியே வந்து நின்றுகொண்டு, பந்து திரும்புமுன்பே அதைச் சந்தித்துவிடலாம். ஸ்டீவன்ஸ் வீசும்போது கீப்பர் ஸ்டம்புக்கு ஒட்டியே நிற்பார். வெளியே வந்தால் ஸ்டம்பிங் ஆகிவிடலாம். மட்டையாளர் உள்ளேயே அடைபட்டுக் கிடப்பார். மெதுவாக வீசுவதை இப்படி ஆயுதமாக மாற்றினார்.

இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. இப்படிப்பட்ட மிதவேகக்காரர்கள் செழிப்பது ஆடுகளம் ஒருதலைப்பட்சமாக இருப்பதால்தான், இவர்களை எதிர்கொண்டு வளரும் இளம் மட்டையாளர்களுக்கு டெஸ்ட் ஆட்டத்தில் உண்மையான வேகம் வரும்போது தடுமாற்றம்தான் மிஞ்சும் என்பது வாதம். பச்சைப் புல் ஆடுகளங்களைக் குறைப்பதற்காக 2016 முதல் சில பருவங்களுக்கு, விருந்தாளி அணி விரும்பினால் டாஸ் போடாமலே முதலில் பந்து வீசலாம் என்ற விதியைக்கூடக் கொண்டுவந்தார்கள். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே ஆடுகளம் எல்லாருக்கும்தானே இருந்தது? அந்த ஈரத்தில், அந்தக் குளிரில், நூற்றுக்கணக்கான மிதவேகக்காரர்கள் வீசினார்கள். நாற்பத்து நாலு வயதில், 2020-ல் நடந்த குறுகிய பாப் வில்லிஸ் கோப்பைத் தொடரில் 29 விக்கெட்டை விக்கெட்டுக்கு 16 ரன்கூட ஆகாமல் எடுத்தவர் ஒருவர்தான். ஆடுகளம் உதவி செய்யும். தினமும் ஒரே இடத்தில் பந்தைப் போடும் ஒழுக்கத்தை ஆடுகளம் தராது.

இங்கேதான் கவுன்ட்டி ஆல்ரவுண்டர் வாழ்க்கையின் மையமான விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வாழ்க்கை நிலையான இரண்டு திறமைகளால் ஆனதன்று. தராசின் இரண்டு தட்டு போல, ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும். வில்பிரட் ரோட்ஸைப் பாருங்கள். சுழற்பந்து வீச்சாளராக, கடைசி ஆளாக மட்டை வீசத் தொடங்கினார். படிப்படியாக மேலே ஏறி இங்கிலாந்தின் தொடக்க மட்டையாளர் ஆனார். 1912-ல் மெல்போர்னில் ஜாக் ஹாப்ஸுடன் முதல் விக்கெட்டுக்கு 323 ரன் சேர்த்தார். பிறகு மீண்டும் பந்துவீச்சுக்குத் திரும்பினார். 1926-ல் 48 வயதில் ஓவல் டெஸ்டுக்கு அழைக்கப்பட்டார். கடைசி டெஸ்ட் ஆடியபோது 52 வயது. ஸ்டீவன்ஸ் எதிர்த் திசையில் நடந்தார்: மட்டையாளராகத் தொடங்கிப் பந்துவீச்சாளராக முதிர்ந்தார். இரண்டு தொழில் கற்றவனுக்கு ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று சோறு போடும். ஒரே தொழில் தெரிந்த மட்டையாளருக்கு 36, 37 வயதில் கண் மங்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

புள்ளிக் கணக்கும் ஆல்ரவுண்டருக்குச் சாதகமாகவே அமைந்தது. சாம்பியன்ஷிப்பில் வெற்றிக்கு மட்டுமே புள்ளி என்பதில்லை. முதல் இன்னிங்ஸின் முதல் 110 ஓவருக்குள் எடுக்கும் ரன்னுக்கும் விக்கெட்டுக்கும் போனஸ் புள்ளி உண்டு. ஸ்டீவன்ஸ் ஆடிய காலத்தில் 200 ரன்னைத் தொட்டால் ஒன்று, பிறகு ஒவ்வோர் ஐம்பதுக்கும் ஒன்று, அதிகபட்சம் ஐந்து. எதிரணியின் 3, 6, 9 விக்கெட்டுக்கு ஒவ்வொன்று. இப்போது ஆறாம் எண், ஏழாம் எண் மட்டையாளரின் இடத்தைப் பாருங்கள். முன்வரிசை சரிந்த நாளில் 200-ஐத் தொடுவதும், சரியாத நாளில் 350-ஐ 400 ஆக்குவதும் அவர் கையில். பருவ முடிவில் பட்டம், கீழ்ப்பிரிவுக்கு இறக்கம் எல்லாம் இந்தச் சில்லறைப் புள்ளிகளில் தீர்மானமாவது உண்டு.

வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஓர் அணியில் ஓரிருவர்தான் ஆடலாம். அந்த இடங்களில் பெரிய பெயர்கள் வந்து சில வாரம் ஆடிவிட்டுப் போவார்கள். நம் சென்னையின் ரவிச்சந்திரன் அஸ்வின் 2017-ல் வொர்செஸ்டர்ஷயருக்கும் 2019-ல் நாட்டிங்ஹாம்ஷயருக்கும் ஆடியது அப்படித்தான். பந்தோடு மட்டையும் கைகொடுக்கும் என்பதால் கவுன்ட்டிகள் அவரை விரும்பி அழைத்தன. வந்து போகிறவர்களுக்கு நடுவே, ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அங்கேயே நிற்கிற உள்ளூர் ஆல்ரவுண்டர்தான் வீட்டின் நடுத்தூண்.

தூணுக்கும் ஒப்பந்தம் ஓராண்டுதான் என்பது இந்த வாழ்க்கையின் கடினமான பக்கம். ஸ்டீவன்ஸ் தன் நாற்பதுகளை ஓராண்டு ஒப்பந்தங்களில்தான் கழித்தார். 2019-ல் டி20 ஆடுவதற்காக டெர்பிஷயருக்குக் கடனாகவும் அனுப்பப்பட்டார். பருவத்தோடு போகலாம் என்று சொல்லிவிட்ட பிறகுதான் ஹெடிங்லியின் 237 வந்தது. அதற்குப் பின் கென்ட் மனத்தை மாற்றிக்கொண்டு மேலும் ஓராண்டு கொடுத்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் தன் வேலைக்குத் தானே மனுப் போட வேண்டிய நிலை அது. மற்றவர்கள் கடிதத்தில் எழுதுவதை அவர் ஸ்கோர் பலகையில் எழுதினார்.

2021-ல் விஸ்டன் என்னும் பழம்பெரும் கிரிக்கெட் ஆண்டு மலர் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் ஐந்து ஆட்டக்காரர்களில் ஒருவராக ஸ்டீவன்ஸ் அறிவிக்கப்பட்டார். ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் அந்த மரியாதை கிடைக்கும். நாட்டு அணிக்கு ஆடாதவர்களுக்கு அது அரிதாகவே போகும். 1933-க்குப் பிறகு அத்தனை வயதில் யாரும் தேர்வானதில்லை. 1933-ல் தேர்வானவர் யூவர்ட் ஆஸ்டில். அவரும் லெஸ்டர்ஷயரின் ஆல்ரவுண்டர்தான்.

விருது அறிவிப்பு வந்த அடுத்த மாதமே, 2021 மே 21 அன்று, கேன்டர்பரியில் இன்னொன்று நடந்தது. இதை மட்டும் நான் எத்தனை முறை யாரிடம் சொன்னாலும் அலுப்பதில்லை. கிளாமர்கனுக்கு எதிராகக் கென்ட் 128-க்கு 8. ஸ்டீவன்ஸ் ஒருபுறம், மறுபுறம் வேகப்பந்துவீச்சாளர் மிகெல் கம்மின்ஸ். இருவரும் ஒன்பதாவது விக்கெட்டுக்கு 166 ரன் சேர்த்தார்கள். அதில் கம்மின்ஸின் பங்கு ஒன்று. ஒரே ஒரு ரன்! ஸ்டீவன்ஸின் பங்கு 160, மிச்சம் உதிரி. 149 பந்தில் 190 ரன், பதினைந்து பவுண்டரி, பதினைந்து சிக்ஸர். கீழ்வரிசை ஆளைக் காப்பாற்றி, ஓவரின் முதல் சில பந்துகளை அடித்து, கடைசியில் ஒற்றை ரன் எடுத்து மறுபக்கம் போய் நின்று, மீண்டும் அதையே செய்வது. எண்ணும் பொறுமையும் அடிக்கும் துணிவும் ஒருசேர வேண்டிய ஆட்டம். அதோடு விட்டாரா? மட்டையை வைத்துவிட்டுப் பந்தை எடுத்து, உலகின் முன்னணி டெஸ்ட் மட்டையாளர்களில் ஒருவரான மார்னஸ் லபுஷேனை எல்பிடபிள்யூ முறையில் வெளியேற்றினார். வயது 45.

குறுகிய ஆட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தொழில்முறை டி20 ஆட்டம் பிறந்ததே கவுன்ட்டி கிரிக்கெட்டில்தான், 2003-ல். 2007 இறுதியாட்டத்தில் குளோஸ்டர்ஷயருக்கு எதிராகக் கென்ட் வென்றபோது வெற்றி ரன்னை அடித்தவர் ஸ்டீவன்ஸ். பதினாலு ஆண்டு கழித்து 2021-ல் கென்ட் மீண்டும் அந்தக் கோப்பையை வென்றபோதும் அணியில் இருந்தார்.

இதையெல்லாம் நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. கவுன்ட்டிக் கழகங்கள் தங்கள் சாம்பியன்ஷிப் ஆட்டங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டுகின்றன. அங்கே காலை 11 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே பிற்பகல் மூன்றரைக்கு வரும். அணிப் பட்டியலைத் திறந்ததும் எண் 6, 7-ல் இருக்கும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களில் யார் பந்தும் வீசுகிறார், எந்த நேரத்தில் கேப்டன் அவரை அழைக்கிறார் என்று பாருங்கள். பந்து புதிதாக இருக்கும்போதா, முதன்மை வீச்சாளர்கள் களைத்த பிறகா, கூட்டணி ஒன்று உடைய மறுக்கும்போதா? மட்டை வீச வரும்போது ஸ்கோர் என்ன? இந்த இரண்டு கேள்விக்குப் பதிலைக் கவனித்தாலே ஓர் ஆல்ரவுண்டரின் மதிப்பு, ரன் எண்ணிக்கையைவிடத் தெளிவாகத் தெரியும். 400-க்கு 5 என்ற நிலையில் எடுத்த ஐம்பதும் 39-க்கு 5 என்ற நிலையில் எடுத்த ஐம்பதும் ஏட்டில் ஒன்றுதான், களத்தில் ஒன்றாகாது.

2022 கென்ட் அணியில் ஸ்டீவன்ஸின் கடைசிப் பருவம். ஒருநாள் கோப்பையின் அரையிறுதியில் ஹாம்ப்ஷயருக்கு எதிராக 65 பந்தில் 84 ரன், ஆட்டமிழக்காமல், அணியை இறுதிக்குக் கொண்டுபோனார். செப்டம்பர் 17 அன்று டிரென்ட் பிரிட்ஜ் மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் லங்காஷயரைக் கென்ட் வீழ்த்தியது. அன்று ஸ்டீவன்ஸுக்கு 46 வயது. அன்று கென்ட் அணிக்கு அதிக ரன், 97, எடுத்தவர் ஜோயி எவிசன். வயது 20. ஸ்டீவன்ஸ் முதல்தர ஆட்டத்தில் முதன்முதலாகக் காலடி வைத்து நான்கு ஆண்டு கழித்துப் பிறந்தவர். அவரும் மட்டையும் வீசுவார், மிதவேகமாகப் பந்தும் வீசுவார்.